காரின் தலையில் கட்டிய பை

மணற்குடியிருப்பு,
முல்லைத்தீவு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு.

கனடாவில் குளிரோடு மல்லுக்கட்டும் அன்புள்ள மச்சான் றொசானுக்கு,

அத்தான் கிறிஸ்தோப்பர் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தாலும் மடுமாதாவின் மன்றாட்டாலும் நானும் உமது அக்கா புனிதமலரும் இங்கே சுகம். எங்கள் பிள்ளை, உமது மருமகள் ரூபினி மலைநாட்டில் சுகம். கார் சுகம். நீர் அனுப்பிய பையும், சொன்னால் நம்பமாட்டீர், சுகம். இதுபோல நீரும் குடும்பமும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம்.

எல்லாரும் சுகம் என்பதை முதல் வரியிலேயே எழுதியதற்குக் காரணம் உண்டு. மூன்று கிழமைக்கு முன் உமது அக்கா உமக்குப் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பினா அல்லவா, “தம்பி, உன்ர பை விழுந்திட்டுது, பொலிசுக்குச் சொல்லிப்போட்டினம், பிள்ளையின்ர வேலை போச்சு” என்று. அதற்குப் பிறகு நாங்கள் மலைகளுக்கு நடுவில் போய்விட்டோம், போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. நீர் பதறிப்போய்ப் பத்துத் தரம் எடுத்ததாகப் பிறகு அறிந்தேன். கடைசியில் நீர் பிடித்தபோது, “ஒருத்தரும் சாகேல்லை, விளக்கமா எழுதுறன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் நான் விளக்கத் தொடங்கினால் உமது அக்கா பறித்துத் தானே விளக்குவா, அவவின் விளக்கத்தில் எல்லாப் பிழையும் என்னுடையதாக இருக்கும். ஆகையால் எழுதுகிறேன். கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பத்து வருஷம் செயலாளராக இருந்து மனு எழுதிய கை, நடந்தது நடந்தபடி எழுதும்.

பை வந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். உமது சிநேகிதர் கோயில் திருநாளுக்கு வந்தபோது தந்த பொதியைப் பிரித்தால், உள்ளே மடித்த கறுப்புத் துணி, நாலு நீளப் பட்டி, கொளுக்கிகள், ஒரு றப்பர் விரிப்பு, படம் போட்ட ஒரு தாள். துணியை முற்றத்தில் விரித்தோம். ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், சுற்றிவர இழுத்துப் பூட்டும் சிப்பு வேறு. பக்கத்து வீட்டு நல்லதம்பி, “படகு மூடுற படங்கோ?” என்று கேட்டான். உமது அக்கா மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி என்று முடிவே கட்டிவிட்டா. ரூபினிதான் தாளைப் படித்துப் பார்த்து, “இது கார்க் கூரையில சாமான் வைச்சுக் கட்டுற பையப்பா, தூரப் பயணத்துக்கெண்டு மாமா அனுப்பியிருக்கிறார்” என்றாள். எங்களுக்கு எங்கே தூரப் பயணம், புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போவதற்கு இதைக் கட்டினால் சனம் சிரிக்காதா என்று நான்தான் முதலில் சிரித்தேன். பையை அலுமாரிக்கு மேலே போட்டோம். றப்பர் விரிப்பு மட்டும் நல்ல தடிப்பாக இருக்கிறதென்று உமது அக்கா குசினி வாசலில் கால் துடைக்கப் போட்டா. அந்த விரிப்புத்தான் பைக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து, பை வழுக்காமல் பிடிப்பதற்கு அனுப்பப்பட்டது என்பதை நாங்கள் வெலிமடைக்கு இப்பால் ஒரு வளைவில் அறிந்துகொண்டோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரூபினி கல்வியியற் கல்லூரி முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தது உமக்குத் தெரியும். போன மாதம் நியமனக் கடிதம் வந்தது. கணித ஆசிரியை. பாடசாலை எங்கே என்று பார்த்தால் வெலிமடைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குள்ளே. திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு முன் மூலச் சான்றிதழ்களோடு வந்து கடமையேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்து. இருக்கிறது ஒரே பிள்ளை. படித்த காலத்திலும் வவுனியாவைத் தாண்டி அவள் தனியே இருந்ததில்லை. “நான் பஸ்ஸில ஒரு பெட்டியோட போறன், நீங்கள் ஒருத்தரும் வர வேண்டாம்” என்று அவள் சொன்னாள். உமது அக்கா கொப்பியில் ஒற்றை கிழித்துப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டா. தலையணை இரண்டு, கம்பளிப் போர்வை மூன்று, மெத்தை, சட்டி பானை, மண்ணெண்ணெய் அடுப்பு, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், கடைசியில் கொட்டை எழுத்தில் பாரைக் கருவாடு ஐந்து கிலோ. “மலையில மீன் எங்க கிடக்கும்? பிள்ளை என்னத்தைச் சாப்பிடும்?” என்று கேட்டா. என்னுடைய சின்னக் காருக்குள் நாங்கள் மூன்று பேர் ஏறினால் கதவு மூடுவதே பெரிய காரியம். ஐந்து கிலோ கருவாட்டை உள்ளே வைத்து முந்நூறு கிலோமீற்றர் போக என்னாலும் ஏலாது. அப்போதுதான் அலுமாரிக்கு மேலிருந்த உமது பை நினைவுக்கு வந்தது. “பாத்தியளோ, என்ர தம்பி எவ்வளவு முன்யோசனைக்காரன்” என்று உமது அக்கா சொன்ன சொல்லை இங்கே உண்மையாகப் பதிவு செய்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் நானும் நல்லதம்பியும் கட்டினோம். தாளை ரூபினி நீட்டினாள். நான் வாங்கவில்லை. நாற்பது வருஷம் கடலில் கயிறு கட்டியவனுக்குப் படம் கீறிக் காட்ட வேண்டுமா, மச்சான்? பையைக் கூரையில் தூக்கி வைத்து, கார்க் கண்ணாடிகளை இறக்கி, பட்டிகளை ஒரு ஜன்னலால் உள்ளே விட்டு மற்ற ஜன்னலால் வெளியே எடுத்து, இறுக்கி, முடிச்சை உள்ளுக்குள் கை விட்டுப் போட்டேன். கொளுக்கியெல்லாம் சின்னப் பிள்ளைகளின் வேலையென்று கழற்றி வைத்தேன். நல்லதம்பி தட்டிப் பார்த்து, “சுனாமிக்கும் அசையாது” என்றான். சான்றிதழ்க் கோவையை எங்கே வைப்பதென்று பேச்சு வந்தது. உமது அக்கா மடியில் வைத்திருக்கிறேன் என்றா. நான் விடவில்லை. வழியில் இறங்குவீர், தேநீர் குடிப்பீர், மறந்துவிடுவீர், கூரையிலே என் கட்டுக்குள்ளே இருந்தால் ஒரு கள்ளனும் தொடமாட்டான் என்று சொல்லி, தலையணை உறைக்குள் செருகி, பையின் நடுவிலே நானே வைத்தேன். இது என் பிழைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை வெளிக்கிட வந்தால் கார்க் கதவு திறக்கவில்லை. நாலு கதவும் திறக்கவில்லை. ஜன்னலால் பட்டியை விட்டு இறுக்கியதில் கதவுகளையும் கூரையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். முடிச்சோ உள்ளே, ஜன்னலால் கை விட்டு அவிழ்க்க ஏலாதபடி பனியில் நனைந்து கல்லாகிக் கிடக்கிறது. “கதவைத் திறந்துபோட்டுக் கட்டச் சொல்லித்தானே அப்பா அந்தத் தாளில படம் போட்டுக் கிடக்கு” என்று ரூபினி மெதுவாகச் சொன்னாள். நான் கேளாதவன் போலப் பின்பக்கக் கதவைத் தூக்கி, அது ஒன்றுதான் திறந்தது, அதற்குள்ளால் ஊர்ந்து போனேன். பாதி உடம்பு உள்ளே, கால் இரண்டும் வெளியே, வாயிலே கத்தி. அந்த நேரம் பார்த்துக் காரை ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமியார் வந்திருக்கிறார். என் முகத்தைக் காணவில்லையாம், கால்களுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டு, “கிறிஸ்தோப்பர் பத்திரமாப் போயிட்டு வாங்கோ” என்று சொல்லிப் போய்விட்டார். பூசைக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. முடிச்சை வெட்டவில்லை, பல்லால் அவிழ்த்தேன். பிறகு கதவுகளைத் திறந்துபோட்டுக் கட்டினோம். ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விட்டது.

ஒட்டுசுட்டான் தாண்டும்வரை பிரச்சினை இல்லை. மாங்குளத்தில் ஏ-ஒன்பது றோட்டுக்கு ஏறி அறுபதைத் தொட்டதும் காருக்குள் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஊஊஊம் என்று, கன்று போடப்போகிற மாடு முனகுவது போல. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும், கூட்டினால் திரும்ப வரும். உமது அக்கா செபமாலையைக் கையில் எடுத்தா. நான் கியர்ப்பெட்டி என்றேன், பிறகு சில்லு என்றேன், பிறகு ஒன்றும் சொல்லாமல் நாற்பதில் ஓடினேன், பின்னால் வந்த பஸ்காரர்கள் என் தகப்பனை விசாரித்துக்கொண்டு முந்திப் போனார்கள். வவுனியாவில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரே கராஜுக்குள் விட்டேன். முஹ்ஸின் என்று ஒரு நல்ல மனுசன். இயந்திர மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தார். பிறகு கண்ணைத் திறந்து உமது அக்காவைப் பார்த்து, “அக்கா, குறை நினைக்க வேண்டாம், செபத்தைக் கொஞ்சம் மனசுக்குள்ள சொல்லுங்கோ, இஞ்சின் சொல்லுறது எனக்குக் கேக்குதில்லை” என்றார். இயந்திரத்தில் பிழை இல்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தார், பிழை இல்லை. கடைசியில் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு றோட்டில் விட்டார். ஊஊஊம். முஹ்ஸின் ஜன்னலால் கையை வெளியே விட்டுக் கூரையில் கிடந்த பட்டியைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். ஊஊஊம். பிடித்தார், நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கார் றோட்டின் மற்றப் பக்கத்துக்குப் போய் வந்தது. “அண்ணன், உங்கட கார் நல்லா இருக்கு. காத்துக்கு இந்தப் பட்டிதான் பாடுது” என்றார். பட்டியை அவிழ்த்து, ஒரு முறுக்கு முறுக்கி, நான் கழற்றி வைத்த கொளுக்கிகளைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் முறையாகப் போட்டு இறுக்கித் தந்தார். அதற்குப் பிறகு கண்டி மட்டும் பூனை போல வந்தோம். “இந்தக் கொளுக்கியை மட்டும் கழட்டாதேங்கோ, அண்ணன்” என்பதுதான் அந்த மனுசன் எனக்குக் கடைசியாகச் சொன்ன வார்த்தை.

கண்டியில் கன்னியர் மடத்து விருந்தினர் அறையில் தங்கினோம். போர்வை எடுக்கப் பையை இறக்க வேண்டியதாயிற்று, இறக்கியதால் காலையில் ஏற்ற வேண்டியதாயிற்று, அவசரத்தில் ஒரு கொளுக்கியின் மேல் நான் ஏறி நின்றுவிட்டேன். அது இரண்டாக உடைந்தது. அதை உமது அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்த இடத்தில் என்னுடைய படகுக் கட்டைப் போட்டு, மேலே பட்டியை மூடி, “எல்லாம் சரி, ஏறுங்கோ” என்றேன். இதுவரை இது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், இப்போது உமக்கும்.

மலையேற்றத்தில் காரின் மூச்சு இழுத்தது, எனக்கும் இழுத்தது. நுவரெலியா வர பதினொரு மணி, நல்ல மழை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கண்ணாடிக்கு வெளியே பச்சைப் பள்ளத்தையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இங்கே எப்படி இவளை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஓட்டுகிறவன் அழக்கூடாது, வளைவுகள் அப்படி. ஹக்கலை தாண்டி வெயில் எறித்தது. அப்போது ரூபினி, “அப்பா, காரை நிப்பாட்டுங்கோ” என்றாள். “ஏன், வயித்தைப் பிரட்டிச் சத்தி வருகுதோ?” என்று உமது அக்கா கேட்டா. “இல்லையம்மா. எங்கட காரின்ர நிழலைப் பாருங்கோ. மேல மூட்டையைக் காணேல்லை.” திரும்பிப் பார்த்தேன். மண்மேட்டில் எங்கள் காரின் நிழல் விழுந்திருந்தது, மொட்டைத் தலையோடு.

இறங்கிக் கூரையைப் பார்த்தேன். பட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. என் படகுக் கட்டு அப்படியே இருந்தது, அது அவிழவில்லை, அதற்குள்ளால் பைதான் உருவிக்கொண்டு போயிருக்கிறது. மழைத்தண்ணீரில் வழுவழுத்த கூரை, நடுவில் பிடித்து வைக்க வேண்டிய விரிப்பு முல்லைத்தீவில் குசினி வாசலில். மணி பன்னிரண்டு ஐந்து. உமது அக்கா றோட்டோரத்தில் குந்தி இருந்து உமக்குக் குரல் செய்தி அனுப்பத் தொடங்கினா, “பை விழுந்திட்டுது” என்ற முதல் வரி அப்போது சொன்னது. மச்சான், இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உமக்கு மட்டும் எழுதுகிறேன். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சான்றிதழ் இல்லையென்றால் கடமையேற்க முடியாது, பிள்ளையைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைத்துக்கொண்டு ரூபினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை, என்னை ஏசவுமில்லை. காருக்குள் ஏறி, கதவை மூடி, “திருப்புங்கோ அப்பா, தேடுவம்” என்றாள். ஒன்றரை வருஷம் தபால்காரனைப் பார்த்த முகம் அது. எனக்கு என்மேலேயே வெட்கமாய்ப் போய்விட்டது. திருப்பினேன்.

இரண்டு மைல் திரும்பி வந்திருப்போம், ஒரு வளைவுக்குக் கீழே தேயிலைச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருபது பேர் வட்டமாக நிற்கிறார்கள், கூடையெல்லாம் ஒரு பக்கம் கிடக்கிறது. நடுவில் உமது பை. நான் கையை அசைத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அந்தக் கூட்டத்தில் மூத்தவ ஒருவ, அழகம்மா என்று பெயர், இரண்டு கையையும் விரித்து என்னைத் தடுத்தா. “ஐயா, கிட்ட வராதீங்க! பொணம் கெடக்கு! போலீஸுக்குச் சொல்லியாச்சு!”

“அது பிணமில்லை அம்மா. என்ர மகளின்ர சாமான்” என்றேன்.

“சாமானா? வாசம் புடிச்சுப் பாருங்க!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆள் நீளத்தில் ஒரு கறுப்புப் பை, முழுக்கச் சிப்புப் பூட்டு, றோட்டிலிருந்து உருண்டு வந்திருக்கிறது, அதற்குள்ளிருந்து உமது அக்காவின் ஐந்து கிலோ பாரைக் கருவாடு வெயிலில் வேர்த்துக்கொண்டிருக்கிறது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பொலிஸ் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது, நீங்களும் தொடக்கூடாது, உங்கள் சாமான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அத்தாட்சி பைக்குள்ளே இருக்கிறது என்றேன். பையைத் திறக்கக்கூடாது என்றார். பொலிஸ் எப்போது வருமென்று கேட்டேன். கீழேயிருந்து வர வேண்டும், ஒரு மணித்தியாலமோ இரண்டோ என்றார். மணி பன்னிரண்டே முக்கால். மேலே றோட்டில் நின்ற உமது அக்கா மிச்ச வரிகளையும் சொல்லிச் செய்தியை உமக்கு அனுப்பிவிட்டா. அவரோடு நான் சங்கச் செயலாளர் தமிழில் பேசினேன், அவர் தோட்டத்துச் சட்டத் தமிழில் பேசினார், பாடசாலை எங்கே என்று கேட்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் ரூபினி இறங்கி வந்து அழகம்மாவின் முன்னால் நின்றாள். “அம்மா, நான் இஞ்ச பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தனான். ரெண்டு மணிக்குள்ள போகாட்டி என்ர வேலை போயிடும். சான்றிதழ் அந்தப் பைக்குள்ள கிடக்கு.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

ரூபினி சொன்னாள்.

“என்னா பாடம்?”

“கணிதம்.”

அழகம்மா திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தா. “அடியே, நம்ம புள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர்டி!” என்றா. இரண்டு வருஷமாக அந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லையாம், அவவின் பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாளாம். கணக்கப்பிள்ளை கையை உயர்த்தமுன் அழகம்மா குனிந்து சிப்பை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டா. முதலில் வெளியே வந்தது தலையணை, அடுத்தது மண்ணெண்ணெய் அடுப்பு, அதற்கடுத்தது கருவாட்டுப் பொதி. “பாருங்க கணக்கப்புள்ள. செத்தவன் எவனாச்சும் தலகாணியும் அடுப்பும் கட்டிக்கிட்டு வருவானா?” என்று கேட்டா. இருபது பெண்களும் சிரித்த சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார், ஆனால் மூக்குத் துணியை எடுக்கவில்லை.

கடினமான பெட்டியாக இருந்திருந்தால் அந்தச் சரிவில் தூள் தூளாகியிருக்கும். உமது பை துணியானபடியால், உள்ளே மெத்தையும் போர்வையும் இருந்தபடியால், ஒரு சட்டி மட்டும் நெளிந்தது, வேறு ஒன்றும் உடையவில்லை. நுவரெலியா மழையில் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. தலையணை உறைக்குள் கையை விட்டேன், கோவை அப்படியே இருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாலு பெண்கள் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு நான் கைவீசி ஏற முடியாத சரிவில் பாடிக்கொண்டு ஏறினார்கள். அவர்களே கட்டினார்கள், கொழுந்துச் சாக்குக் கட்டும் கட்டு. நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. அழகம்மா முன் ஆசனத்தில் ஏறி, “நான் குறுக்கு வழி காட்டுறேன், அந்தப் பக்கம் போனீங்கன்னா நாளைக்குத்தான் போவீங்க” என்றா. உமது அக்கா முதன்முறையாகப் பின் ஆசனத்துக்குப் போனா, மறுபேச்சு இல்லை. வளைவில் பொலிஸ்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார்கள். அழகம்மா ஜன்னலால் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னா, அவர்கள் எங்கள் கூரையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “பொணம் எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போகுதுன்னு சொன்னேன்” என்றா.

ஒன்று நாற்பதுக்குப் பாடசாலை வாசல். அதிபர் நடராசா மணிக்கூட்டைப் பார்த்தபடி படலையிலேயே நின்றார், இந்த ஆளும் வராது என்று எண்ணிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார், இதற்கு முன் நியமனம் கிடைத்த இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார்களாம். ரூபினி கோவையை நீட்டினாள். அவர் வாங்கி, பிரிக்காமல், மெதுவாக மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், “முல்லைத்தீவோ, மன்னாரோ?” என்று கேட்டார். “முல்லைத்தீவு, சேர்” என்றாள். “நல்ல சாமான். பாரை” என்றார். சான்றிதழைப் பார்க்காமலே ஊரையும் மீனையும் சொன்ன அதிபரை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ரூபினி கையொப்பம் வைத்தாள். உமது அக்கா அழுதா. நான் அழவில்லை, மலைக்காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலும் பூட்டும் நல்லது, நானே இழுத்துப் பார்த்தேன். ஆசிரியைக்குப் பழகும் மட்டும் அழகம்மா வந்து துணைக்குப் படுப்பதாகச் சொல்லி, அன்றைக்கே பாயோடு வந்துவிட்டா. கருவாட்டில் ஒரு கிலோவை உமது அக்கா அவவுக்குப் பொதி செய்து கொடுத்தா. பிணமென்று பயந்த இருபது பேரும் பின்னேரம் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிப் போனதாகக் கேள்வி. அந்தப் பை விழாமல் இருந்திருந்தால் அழகம்மாவை எங்களுக்குத் தெரிந்திருக்காது, அந்தக் குறுக்கு வழியும் தெரிந்திருக்காது, பிள்ளையை முகம் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வந்திருப்போம். திரும்பி வரும் வழியில் உமது அக்கா வவுனியா மட்டும் நித்திரை. நானும் பல நாளுக்குப் பிறகு அன்று வீட்டில் நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் மச்சான், ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வயது அறுபத்திநாலு. இனி அந்தப் பையை நான் தொடப்போவதில்லை, மலையேறப் போவதுமில்லை. பிள்ளை நல்ல இடத்தில் இருக்கிறாள், விடுமுறைக்கு அவளே பஸ்ஸில் வருவாள். பை கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறது. கருவாட்டு வாசம் முழுக்கப் போகவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை. கனடாவுக்குத் திரும்புகிறவர் யாரும் இருந்தால் சொல்லும், கொடுத்து விடுகிறேன். உமக்கு மனத்தாங்கல் வேண்டாம், பையில் ஒரு பிழையும் இல்லை.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லும். பனியில் வழுக்காமல் நடவுங்கள், தொப்பி போடாமல் வெளியே போக வேண்டாம். நல்ல தேவன் உங்கள் வீட்டு வாசலையும் அடுப்பையும் காப்பாராக. உமது அக்கா தனியாக முத்தம் அனுப்புகிறா.

இப்படிக்கு,
மனம் ஆறிய அத்தான்,
ம. கிறிஸ்தோப்பர்.

பி.கு.: இன்று திங்கட்கிழமை, கடிதத்தை ஒட்டமுன் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தபால் வந்திருக்கிறது. ரூபினியின் நியமனத்தில் பாடசாலை இலக்கம் மாறித் தட்டச்சாகிவிட்டதாம். அவளுக்கு உண்மையில் கிடைத்தது தர்மபுரத்தில் ஒரு பாடசாலை. தர்மபுரம், மச்சான்! இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுச் சோறு சாப்பிடலாம். விரும்பினால் உடனே மாறி வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் துள்ளிக் குதித்து ரூபினிக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை காரோடு வாறன், சாமானைக் கட்டி வை என்றேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, “எனக்கும் அந்தக் கடிதம் வந்ததப்பா. முந்தநாள். நான் இஞ்சயே நிக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டன்” என்றாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். “ஏழாம் வகுப்புக்கு இப்பதான் பின்னம் விளங்கத் துடங்கியிருக்கு. விட்டிட்டு வந்தா மறந்துபோடுங்களப்பா” என்றாள். போனை உமது அக்காவிடம் கொடுத்தேன். அவ திட்டுவா என்று பார்த்தேன். “இன்னும் ரெண்டு போர்வை வேணுமோ, பிள்ளை?” என்று கேட்டா. நான் வெளியே போய்க் காரின் நாலு சில்லுக்கும் காற்றுப் பார்த்துவிட்டு வந்தேன்.